ஆசிரியர் இறந்த வீட்டில் மூன்று ஆண்டுக் கணக்கு

பழவேற்காடு ஏரிக்கரையில், மீஞ்சூர் ஒன்றியத்துக்கு உட்பட்ட ஒரு காலனி. அந்த வீட்டின் முன்னறையில் மாலை போட்ட ஒரு படம் இருக்கிறது. படத்தில் இருப்பவர் அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருந்தவர். அந்தக் காலனியில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். ஒரு நாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அப்போது மகள் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஒப்பந்தக் கூலியாக ஒரு தொழிற்கூடத்துக்கு வேன் ஏறிப் போய்வருகிறாள். கருணை அடிப்படையில் வேலை கேட்டு அவள் கொடுத்த மனு ஒரே வரியில் திரும்பி வந்திருக்கிறது: ஆசிரியர் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பம் பெறப்படவில்லை.

“நான் ஒம்பதாவது வரைக்கும் படிச்சிருக்கேன் சார். எனக்கே பியூன் வேலை குடுப்பாங்கன்னு அப்பவே ஒருத்தர் சொன்னாரு. சொந்தக்காரங்கதான், வாத்தியார் பொண்டாட்டி பியூன் வேலைக்குப் போறதா, பொண்ணு வளந்து டீச்சராவட்டும், அவரு வேலை எங்கயும் போயிடாதுன்னாங்க. நானும் நம்பிட்டேன்” என்றார் அந்த அம்மா.

‘அவர் வேலை எங்கேயும் போய்விடாது.’ இந்த ஒரு நம்பிக்கையால் நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் கெட்டிருக்கின்றன. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

ஒரு சம்பளம், ஒரு தெரு

பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கப் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலைகட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். சண்டை வராமல் ஏரியைப் பங்கிட்டுக்கொள்ளும் நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்தச் சீட்டில் பெயர் இருக்க வேண்டுமென்றால் அந்தத் தலைக்கட்டில் பிறந்திருக்க வேண்டும். அதே கரையில் வாழும் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் பெரும்பாலும் மிஞ்சியது ஓரத் தண்ணீரும் கையால் தடவிப் பிடிக்கும் இறாலும்தான்.

நிலமும் இல்லை, பாடும் இல்லை என்றான மக்களுக்குக் கிடைத்த ஒரே வாசல் பள்ளிக்கூடம். 1920-களில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோர் குழந்தைகளுக்காகத் தனிப் பள்ளிகளைத் திறந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பள்ளிகளில் படித்து வந்தவர்களில் பலர் ஆசிரியர்களானார்கள். சேரிக்குள் வந்த முதல் அரசுச் சம்பளம் பல ஊர்களில் வாத்தியார் சம்பளம்தான்.

அந்தச் சம்பளம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. தங்கையின் கல்யாணம், தம்பியின் ஐடிஐ கட்டணம், அக்காள் மகனின் மருத்துவச் செலவு எல்லாம் அதிலிருந்துதான் போகும். வங்கியில் தெருவுக்கே ஜாமீன் கையெழுத்துப் போடுபவரும் அவராகத்தான் இருப்பார். அப்படிப்பட்டவர் இறந்தால் பின்னால் நிலம் இருக்காது, நகை இருக்காது. கடன் இருக்கும்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். பழைய முறைப்படியான குடும்ப ஓய்வூதியம் அதில் இருக்கவில்லை. பணியில் இறந்தவர் வீட்டுக்கு மொத்தமாக ஒரு தொகை வந்தது. அது கடனுக்கும் காரியத்துக்கும் போய்விட்டது. மாதாமாதம் அரிசி வாங்க வழி என்ன?

சட்டம் என்ன சொல்கிறது?

பணியில் இருக்கும்போது இறந்த அரசு ஊழியரின் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை தரும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 1972-ஆம் ஆண்டு அரசாணையிலிருந்து முறைப்படி நடந்துவருகிறது. மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 1995-ல் வந்தது. 2020-ல் விரிவான வழிகாட்டுதல்களும், 2023-ல் இதற்கென்றே தனி விதிகளும் வந்தன. மூன்று ஆண்டுக் கெடு மட்டும் அப்படியே இருக்கிறது.

எந்த வேலை கிடைக்கும் என்பதில்தான் நம் மக்களுக்குப் பெரிய குழப்பம். ஆசிரியர் இறந்தால் பிள்ளைக்கு ஆசிரியர் வேலை கிடைக்காது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி 2010-ல் வந்த அறிவிக்கைப்படி, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம். ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்களும்கூட அந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கருணை நியமனம் என்பது இளநிலை உதவியாளர், அலுவலக உதவியாளர் போன்ற கீழ்நிலைப் பணிகளுக்கு மட்டுமே. பத்தாம் வகுப்பு தேறியவர் இளநிலை உதவியாளர் ஆகலாம். எட்டாம் வகுப்பு தேறியவர் அலுவலக உதவியாளர் ஆகலாம். மகள் வளர்ந்து பி.எட். முடித்து அப்பாவின் நாற்காலியில் உட்காருவாள் என்று காத்திருந்தால், கடைசியில் கைக்கு எதுவும் மிஞ்சாது.

இது பரம்பரை உரிமையா?

கல்லூரி மாணவர்கள் சிலர் நம்மிடம் நேராகவே கேட்கிறார்கள். “பிறப்பால் வரும் உரிமையை எதிர்ப்பவர்கள் நாம். அப்பா வேலையைப் பிள்ளைக்குக் கேட்பது மட்டும் எப்படி நியாயம்?”

நல்ல கேள்வி. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒரு காலத்தில் இந்த மாகாணத்தில் கர்ணம், மணியம் முதலிய ஊர்ப் பதவிகள் 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே பரம்பரையாக இருந்தன. கணக்குப்பிள்ளை மகன் கணக்குப்பிள்ளை. வெட்டியான் மகன் வெட்டியான். அரசியலமைப்பின் 16(2) பிரிவு, அரசு வேலையில் சாதி, வழிமரபு போன்றவற்றை வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறது. சாதியும் வழிமரபும் அங்கே ஒரே வரியில் நிற்கின்றன. அதைக் காட்டித்தான் 1960 டிசம்பரில், முன்பிருந்தவரின் வாரிசு என்பதற்காக ஊர்ப் பதவி தருவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பிறகுதான் தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இன்று நம் பிள்ளைகளும் அந்தப் பதவியில் இருக்கிறார்கள்.

ஆகவே, ‘அப்பா வேலை பிள்ளைக்குச் சொந்தம்’ என்று நாம் பேசக் கூடாது. அது பாட்டுச் சீட்டின் நியாயம்; கர்ணம் வீட்டு நியாயம். சோறு போட்டவர் திடீரென இறந்த வீடு பட்டினியில் விழாமல் தாங்கிப் பிடிப்பதுதான் கருணை நியமனம். 1994-ல் ஹரியானா மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுவே: நோக்கம் திடீர் நெருக்கடியைக் கடப்பது, இறந்தவரின் பதவியை வாரிசுக்குத் தருவது அல்ல. அதனால்தான் வசதியுள்ள வீட்டுக்கு இது இல்லை. அந்த எல்லை சரிதான்.

“அதனால் நம் இடஒதுக்கீட்டு இடங்கள் குறையாதா?” என்றும் சிலர் கேட்கிறார்கள். மத்திய அரசுத் துறைகளில் கருணை நியமனம் பெற்றவரை அவரவர் பிரிவுக்குரிய சுழற்சிப் புள்ளியில்தான் கணக்கு வைக்க வேண்டும். நேரடி நியமனக் காலியிடங்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் போகவும் கூடாது. தமிழ்நாட்டில் அந்த உச்சவரம்பு 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, பழையபடி 25 ஆக்கக் கோரி வருவாய்த்துறை ஊழியர் சங்கங்கள் போராடிவருகின்றன. வரம்பு குறைந்தால் வரிசை நீளும். வரிசையில் காத்திருக்கத் தெம்பில்லாத வீடு எது என்று சொல்ல வேண்டியதில்லை.

சிறுவயதுப் பிள்ளைகள்

நியாயம் எங்கே தவறுகிறது என்றால், சிறு பிள்ளைகள் விஷயத்தில்தான். ஹரியானாவில் 1997-ல் ஒரு காவலர் பணியில் இறந்தார். மகனுக்கு அப்போது ஏழு வயது. அவன் வயதுக்கு வந்த பிறகு வேலை கேட்டான். கெடு கடந்தது என்று மறுத்தார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இத்தனை ஆண்டு குடும்பம் பிழைத்துவிட்டதே, இனி நெருக்கடி என்ன என்பதுதான் இத்தகைய தீர்ப்புகளின் தர்க்கம்.

எப்படிப் பிழைத்தது என்று யாரும் கேட்பதில்லை. தாய் கூலிக்குப் போய், மகன் பள்ளியை விட்டு, மகளுக்குப் பதினெட்டு வயதிலேயே கல்யாணம் முடித்துப் பிழைத்திருக்கும். அதையும் பிழைப்பு என்று கணக்கில் எழுதிவிடலாமா? தாயும் இல்லாத பிள்ளைகளுக்கும், தாய்க்கு எட்டாம் வகுப்புத் தகுதிகூட இல்லாத வீடுகளுக்கும், பிள்ளைக்கு 18 வயது ஆகும் நாளிலிருந்து கெடுவைக் கணக்கிட வேண்டும். ஆசிரியர் இறந்தால், துறையே விண்ணப்பப் படிவத்தோடு அந்த வீட்டுக்கு வர வேண்டும். இந்த இரண்டும் நம் கோரிக்கைகள்.

இந்த வாசலே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 2012-ல் 5,000 ரூபாய் சம்பளத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். முறையான ஊதிய விகிதத்தில் இல்லாத அவர்கள் இறந்தால் வாரிசுக்குக் கருணை நியமனம் இல்லை. அவர்களுடைய பணிநிரந்தரக் கோரிக்கைக்கு நாம் துணை நிற்க இதுவும் ஒரு காரணம்.

உடனே செய்ய வேண்டியவை

இறப்புச் சான்று கைக்கு வந்ததும் வாரிசுச் சான்றுக்கு மனு போடுங்கள். யார் வேலைக்குப் போவது என்று குடும்பம் உட்கார்ந்து பேசி, மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குங்கள். குடும்பத்தின் வறிய நிலைக்கு வட்டாட்சியரிடம் சான்று கேளுங்கள். இவற்றோடு கல்விச் சான்று, சாதிச் சான்று இணைத்து, இறந்தவர் பணியாற்றிய அலுவலகத்தின் தலைமைக்கு விண்ணப்பியுங்கள். ஏதாவது ஒரு சான்று தாமதமானால்கூட விண்ணப்பத்தை முதலில் கொடுத்துவிடுங்கள். சான்றைப் பிறகு சேர்க்கலாம். கையில் கொடுத்தால் ஒப்புகை வாங்குங்கள். இல்லையேல் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பிள்ளை சிறுவயது என்றால் தாய் தன் பெயரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அலுவலக உதவியாளர் வேலை கேவலமில்லை. கல்யாணமான மகளுக்குக் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015-லும் கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2017-லும் அப்படி ஒதுக்குவது தவறு என்று சொல்லியுள்ளன. இரண்டாம் மனைவியின் பிள்ளை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று ரயில்வே ஊழியர் ஒருவரின் வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மனு என்ன ஆயிற்று என்று தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நீதிமன்றம் போகக் காசில்லை என்று நின்றுவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பித்தால் போதும்.

அந்த அம்மாவின் மகளுக்காக இப்போது இலவசச் சட்ட உதவிக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். என்ன ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது. தீர்ப்புகள் அவளுக்கு எதிராக இருக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொன்னோம். அவள் கேட்டுக்கொண்டாள். “என் விஷயம் எப்படியோ போகட்டும் சார். எங்கப்பாகூட வேலை பாத்த இன்னொரு சார் போன வருஷம் எறந்துட்டாரு. அவங்க வீட்டுல இன்னும் மனு போடல. நீங்க ஒருமுறை வந்து சொல்றீங்களா?” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு வீடு இருக்கலாம். நீங்களும் போய்ச் சொல்லுங்கள்.