மரமில்லாத மலை தரிசல்ல

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் பல தட்பவெப்ப மண்டலங்களைக் கடந்துவிடலாம். ஆயிரம் மீட்டர் உயரம் கூடினால் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். அடிவாரத்தில் வெயில் தாங்கும் முட்புதர்க் காடு. கல்லாறு, பர்லியாறு பக்கம் ஈரம் கூடி மரங்கள் நெருங்கும். சுமார் 1,800 மீட்டருக்கு மேல் சோலைக்காடும் புல்வெளியும் நீலகிரியின் இயற்கை.

ஒரே மலை, ஒரே மழை. ஆனாலும் மடிப்புகளில் மட்டும் சோலை. சரிவுகளில் வெறும் புல். ஏன்? முக்கியக் காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்தவெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகள் கருகிவிடுகின்றன. சோலைக்குள் மரக்கூரை குளிரைத் தடுப்பதால் அங்கே கன்று பிழைக்கிறது. புல்லின் குருத்தோ மண்ணோடு ஒட்டியிருப்பதால் நுனி கருகினாலும் மீண்டும் துளிர்க்கும்.

இந்தப் புல்வெளி காட்டை அழித்ததால் வந்ததல்ல. நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்வு, இங்கே 20,000 ஆண்டுகளுக்கு முன்பே புல் இருந்ததைக் காட்டியது. வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் தோடர்களின் எருமைகள் வளர்ந்ததும் இந்தப் புல்லை நம்பித்தான். பருவமழையை மண்ணில் இறக்கி, கோடையிலும் ஓடைகளுக்கு மெல்ல நீர்விட்டு, பவானி போன்ற ஆறுகளுக்கு ஊட்டம் தருவதும் புல்லும் சோலையும் சேர்ந்த இந்த அமைப்பே.

ஆங்கிலேயர் கண்ணுக்கு இது வீண் நிலமாகத் தெரிந்தது. விறகுக்காக ஆஸ்திரேலியாவின் சீகையையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளுக்காகவும் நடுவது தொடர்ந்தது. உறைபனிக்கு ஈடுகொடுத்த சீகை, நட்ட இடத்தோடு நிற்காமல் புல்வெளிக்குள் பரவியது. இன்று வனத்துறை அந்நிய மரங்களை அகற்றிவருகிறது. வெட்டுவதோடு வேலை முடியாது. சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். வெட்டிய இடம் வெளிச்சம் பெற்றதும் முளைத்துவிடும். கன்றுகளைத் தொடர்ந்து பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை நட்டு வளர்க்க வேண்டும்.

மரம் நடுவது நல்ல காரியம்தான். ஆனால் எந்த நிலத்தில் எந்த உயிர் வேரூன்றியிருக்கிறது என்று பார்க்காமல் நட்டால், அதுவே அழிவாகும். பசுமைத் திட்டம் தீட்டுவோர் புல்வெளியைத் தரிசுப் பட்டியலிலிருந்து முதலில் நீக்கட்டும். காட்டுக்குத் தரும் பாதுகாப்பைப் புல்லுக்கும் தரட்டும்.