பிக்கப் வண்டி ‘மிஸ்ஸிங்’ அடிக்கிறதா? பாகங்களை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

மங்களூர், வேப்பூர், திட்டக்குடி பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் ஏற்றுவதானாலும், விருத்தாசலத்திலிருந்து பீங்கான் சாமான்களை வெளியூர் கொண்டுபோவதானாலும், சின்ன பிக்கப் வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மில் பல. பெட்ரோல் செலவைக் குறைக்க அதில் சிஎன்ஜி கிட் போடுகிறோம். கூடவே கூடுதல் விளக்கு, ஹாரன், ஸ்பீக்கர். பிறகு ஒரு நாள் லோடுடன் மேடு ஏறும்போது இன்ஜின் திக்குகிறது. பிளக், காயில், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டியும் கோளாறு போகவில்லை, பணம்தான் போகிறது. இதைத் தவிர்க்கலாம்.

மிஸ்ஸிங் என்றால் ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். டாடா ஏஸ் கோல்டு பெட்ரோல் வண்டியில் இருப்பதே 2 சிலிண்டர். ஒன்று படுத்தால் பாதி பலம் போய்விடும்.

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம். கேஸ் வாசனை வந்தால் மட்டும் வால்வை மூடிவிட்டு, வேறு எதையும் தொடாமல் கிட் போடுபவரைக் கூப்பிடுங்கள். வாசனை இல்லையென்றால் கேஸை நிறுத்தி, பெட்ரோலில் ஓட்டிப் பாருங்கள். பெட்ரோலில் சீராக ஓடி கேஸில் மட்டும் திக்கினால், கேஸ் ஃபில்டர், ரெட்யூசர், கேஸ் இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள். அதோடு பிளக்கையும் பாருங்கள். கேஸைப் பற்றவைக்க பெட்ரோலை விட அதிக வோல்டேஜ் தேவை. அதனால் பெட்ரோலில் சமாளிக்கும் தேய்ந்த பிளக் கேஸில் காட்டிக்கொடுத்துவிடும். பிளக்கின் வெள்ளைப் பகுதி அலுமினா பீங்கான். பீங்கானில் ஃபியூஸ் கேரியர் செய்யும் ஊருக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: மயிரிழை விரிசல் போதும், மின்சாரம் அதன் வழியே கசிந்துவிடும்.

இரண்டிலும் திக்கினால் எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கேனரில் பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று என்று சொல்ல முடியவில்லை. அப்போது காற்றுக் கசிவு, பெட்ரோல் அழுத்தம், எர்த் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்பீக்கருக்கும் விளக்குக்கும் கண்ட இடத்தில் வயரை வெட்டி ஒட்டியிருந்தால் சந்தேகம் முதலில் அங்கேதான்.

சிலிண்டர் தெரிந்ததும் அதன் காயிலைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டரில் மாட்டுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை இப்படியே மாற்றிப் பாருங்கள். அதிலும் மாறாவிட்டால், சிஎன்ஜி கிட் போடும்போது பெட்ரோல் இன்ஜெக்டர் வயரை வெட்டி இணைத்த இடத்தைத் திறந்து பாருங்கள். அங்கே பச்சை பிடித்த இணைப்பை எத்தனையோ புதுப் பாகங்களாலும் சரிசெய்ய முடியாது. அதுவும் நன்றாக இருந்தால் கம்ப்ரஷன் சோதனை. நெடுநாள் கேஸில் ஓடிய இன்ஜினில் வால்வு சீட் தேய்ந்து, வால்வு இடைவெளி குறைந்திருக்கலாம். (டீசல் பிக்கப்புக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அது வேறு கதை.)

செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் லோடை இறக்கும் வரை என்று ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றி உருக்கிவிடும்.

கிட் போட்டதை ஆர்சி புத்தகத்தில் பதிந்திருக்க வேண்டும். தயாரிப்பாளரின் அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. பதியாத மாற்றம் இருந்தால் விபத்தின்போது இன்சூரன்ஸ் கம்பெனி அதைக் காட்டியே பணம் தர மறுக்கலாம்.

இன்னொன்று. மிஸ்ஸிங் இருக்கும் வண்டியை, ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டு விற்பது பழக்கமாகி வருகிறது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காத வியாபாரியைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அழித்த கோடும் அடியில் மறைத்த ஈரம்தான். விற்பவர் சொல்லிவிட வேண்டும். வாங்குபவர் ஸ்கேனரில் ‘ரெடினஸ்’ பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால் கோடை அண்மையில் அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். சில நாள் ஓட்டியபின் திரும்ப ஸ்கேன் செய்துவிட்டு விலை பேசுங்கள்.