கதை முடிந்த பிறகு என்ன நடந்தது?

ஆறாம் வகுப்பில் ஒரு நாள் மதிய இடைவேளை முடிந்து உள்ளே நுழைந்தபோது, ஒரு மாணவன் உதட்டில் இரத்தத்தோடு நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் உட்காரும் நண்பன்தான் அடித்திருக்கிறான். அவனுடைய ஜாமெட்ரி பாக்ஸைக் காணவில்லை. இவன்தான் எடுத்திருப்பான் என்று நினைத்து, கேட்காமலே கை ஓங்கிவிட்டான். மறுநாள் அந்தப் பாக்ஸ் அவன் வீட்டிலேயே கிடைத்தது.

நாம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். "மன்னிப்புக் கேள்" என்றேன். அவன் தரையைப் பார்த்து "சாரி" என்றான். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் இருவரும் வேறு வேறு பெஞ்சில் உட்காரத் தொடங்கினார்கள். இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கதை சொல்லிச் சரிசெய்யலாம் என்று முடிவு செய்து கீரிப்பிள்ளைக் கதையை எடுத்தேன். நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். குழந்தையை விட்டுவிட்டுத் தாய் தண்ணீர் எடுக்கப் போகிறாள். வீட்டில் வளரும் கீரி, தொட்டிலை நெருங்கிய பாம்பைக் கொன்றுவிட்டு, வாயில் இரத்தத்தோடு வாசலுக்கு ஓடி வருகிறது. குழந்தையைத்தான் கடித்துவிட்டது என்று எண்ணிய தாய், குடத்தைப் போட்டு அதைக் கொன்றுவிடுகிறாள். உள்ளே போனால் குழந்தை சுகமாகத் தூங்குகிறது. பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதி ஆராயாமல் செய்யும் செயல்களைப் பற்றியது. இந்தக் கதை அதில் இருக்கிறது.

சொல்லி முடித்து, "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். "ஆத்திரப்படக் கூடாது டீச்சர்" என்று வகுப்பே சேர்ந்து சொன்னது. சொல்லிவிட்டு முப்பது தலைகளும் அந்த மாணவன் பக்கம் திரும்பின. அவன் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. நான் கதை சொல்லவில்லை. கதையைப் பிரம்பாக வைத்து அவனை அடித்திருக்கிறேன்.

நீதி ஏன் போதவில்லை?

"ஆத்திரப்படக் கூடாது" என்பது அந்த மாணவனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது வேறு. அந்த ஒரு நிமிடத்தில் தனக்குள் என்ன நடந்தது, நண்பனுக்கு எப்படி இருந்திருக்கும், இப்போது திரும்பிப் போக வழி உண்டா என்பவைதான் அவனுக்குத் தெரியவில்லை. நீதி வாக்கியம் இந்த மூன்றுக்கும் பதில் சொல்வதில்லை. அதற்கு மேல் பேசவும் விடுவதில்லை.

கதையின் பலம் அது தரும் மறைவில் இருக்கிறது. "நீ ஏன் அடித்தாய்?" என்று கேட்டால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். "அந்த அம்மாவுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டால் பேசும். பேசுவது பாத்திரத்தைப் பற்றித்தான். ஆனால் சொற்கள் அதன் சொந்த அனுபவத்திலிருந்து வருகின்றன. அந்த மறைவை விலக்காமல் இருப்பதுதான் ஆசிரியரின் வேலை. நான் முதல் முறை அதை விலக்கிவிட்டேன்.

பார்த்தது என்ன, தெரிந்தது என்ன?

அடுத்த வாரம் அதே கதையை மீண்டும் சொன்னேன். இம்முறை கீரி வாசலுக்கு ஓடி வந்த இடத்தில் நிறுத்திவிட்டு மூன்று கேள்விகள் கேட்டேன்.

அந்த அம்மா கண்ணால் பார்த்தது என்ன?
அவருக்குத் தெரியாதது என்ன?
அந்த நொடியில் அவர் மனத்தில் என்ன இருந்தது?

முதல் கேள்விக்கு "கீரி குழந்தையைக் கடித்ததைப் பார்த்தாங்க" என்று பலர் சொன்னார்கள். "பார்த்தாரா?" என்று திரும்பக் கேட்டதும் வகுப்பு யோசித்தது. "இல்ல டீச்சர், இரத்தத்தை மட்டும்தான் பார்த்தாங்க. மீதி அவங்களா நினைச்சுக்கிட்டாங்க" என்றாள் ஒரு மாணவி. பார்த்ததற்கும் நினைத்துக்கொண்டதற்கும் உள்ள வேறுபாட்டை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

இது சிறிய விஷயமல்ல. ஹைன்ஸ் விம்மர், ஜோசஃப் பெர்னர் என்ற உளவியலாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றிலும் ஒரு கதைதான் கருவி. ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவனுக்குத் தெரியாமல் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைச் சொல்வார்கள். தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். "அவனுக்குத் தெரியாதே, அதனால் பழைய இடத்தில்தான் தேடுவான்" என்ற புரிதல் பொதுவாக நான்கு, ஐந்து வயதையொட்டி வருகிறது. பிறர் மனத்தில் இருப்பது வேறாக இருக்கலாம் என்ற இந்த அறிவுதான் சமூகத் திறன்களுக்கு அடிப்படை. நம்மிடம் வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது வந்திருக்கும். ஆனால் கோபம் வந்தால் பெரியவர்களுக்கே அது மறந்துபோகிறது. கதை அதைப் பதற்றமில்லாத நேரத்தில் பழகிப் பார்க்க வைக்கிறது.

உணர்வுகளுக்குப் பெயர் வேண்டும்

மூன்றாவது கேள்விக்கு வந்த பதில் ஒன்றே ஒன்று: "கோவம்." உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள். ஜாலி, கோவம், கஷ்டம், போர் என்ற நான்கைந்து சொற்களுக்குள் குழந்தைகளின் உணர்வு உலகம் அடங்கிவிடும். பெயர் தெரியாத உணர்வைச் சொல்ல முடியாது. சொல்ல முடியாதது கை வழியாக வெளியே வரும்.

தமிழாசிரியர்கள் இந்த இடத்தில் தொல்காப்பியத்தைத் துணைக்கு அழைக்கலாம். மெய்ப்பாட்டியல், உடலில் வெளிப்படும் உணர்வுகளை எட்டாக வகுக்கிறது. சிரிப்பு, அழுகை, இழிவு, வியப்பு, பயம், பெருமிதம், கோபம், மகிழ்ச்சி என்று இன்றைய சொற்களில் சொல்லலாம். இதோடு நின்றுவிடாமல், ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களையும் தொல்காப்பியர் தருகிறார். அழுகைக்கு அவர் சொல்லும் காரணங்கள்: பிறரால் இகழப்படுவது, இழப்பு, இருந்த நல்ல நிலையிலிருந்து தாழ்ந்து வருந்துவது, வறுமை. நம் வகுப்பில் அழும் ஒரு குழந்தையைப் பார்க்கும்போது இந்த நான்கில் எது என்று யோசித்தாலே நாம் கேட்கும் கேள்வி மாறிவிடும்.

எட்டுச் சொற்களையும் ஒரு சார்ட்டில் எழுதி மாட்டினேன். "அந்த அம்மாவுக்குக் கோபத்துக்கு முன்னால் வேறு ஏதாவது வந்திருக்குமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "முதல்ல பயம்தான் டீச்சர் வந்திருக்கும். குழந்தை செத்துப்போச்சோன்னு" என்று ஒரு குரல் வந்தது. சண்டை போட்ட அதே மாணவன். நான் தலையசைத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தேன். அவன் வீட்டில் பொருள் தொலைந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அவனுடைய கோபத்துக்கு அடியில் இருந்ததும் பயம்தான்.

கதையை நீட்டுங்கள்

கடைசியாக, "கதை முடிந்த பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டேன். "அவங்க எப்படி டீச்சர் சாரி சொல்ல முடியும்? கீரிதான் செத்துப்போச்சே" என்றான் ஒருவன். வகுப்பு அமைதியானது.

அந்தக் கேள்விக்குச் சிலப்பதிகாரத்தில் ஒரு பதில் இருக்கிறது. அடைக்கலக் காதையில், கோவலன் புகாரில் செய்த நற்செயல்களை மாடலன் நினைவுகூர்கிறான். அவற்றில் ஒன்று கீரியைக் கொன்ற பெண்ணைப் பற்றியது. கணவன் அவளைப் பிரிந்து போய்விடுகிறான். அவள் கையில் ஓர் ஏட்டோடு வணிகர் தெருக்களில் அலைகிறாள். கோவலன் அவளை அழைத்து என்ன துன்பம் என்று கேட்கிறான். பழி தீரத் தானம் செய்து, பொருளும் கொடுத்து, பிரிந்த கணவனோடு சேர்த்து வைக்கிறான். நம் வகுப்பறைக் கதை அந்தத் தாய் அழுவதோடு நின்றுவிடுகிறது. இளங்கோவடிகள் அவளுக்கு அடுத்த நாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்.

இதைச் சொன்னபோது பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். தவறு செய்தவர் கதை அங்கேயே முடிவதில்லை, யாரேனும் நின்று கேட்டால் வழி பிறக்கும் என்பதை நான் வாக்கியமாகச் சொல்லவில்லை. மறுநாள் காலை இருவரும் பழைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். யார் முதலில் பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

வகுப்பில் செய்து பார்க்க

தொடக்கநிலை வகுப்புகளில் பாட்டி வடை சுட்ட கதையே போதும். காகம், நரி, பாட்டி மூவரின் முகத்தையும் குழந்தைகள் நடித்துக் காட்டட்டும். வடை விழுந்ததும் காகத்துக்கு வந்தது கோபமா, வெட்கமா? வடையைப் பறிகொடுத்த பாட்டிக்கு எப்படி இருந்திருக்கும்? பாட்டியைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. கேட்டால் வியப்பான பதில்கள் வரும். வாய்திறக்காத குழந்தைகளுக்கு ஒரு காகிதப் பை பொம்மை போதும், பொம்மை பேசும்.

உயர்நிலை வகுப்புகளில் பாத்திரத்தின் நாட்குறிப்பாகவோ கடிதமாகவோ எழுதச் சொல்லலாம். கூட்டமாகப் பேசத் தயங்கும் வயதில் எழுத்து நல்ல மறைவு. அதை மதிப்பெண்ணுக்குத் திருத்த வேண்டாம்; வகுப்பில் வாசித்துக் காட்டவும் வேண்டாம்.

நான் பட்டுக் கற்றுக்கொண்ட சில எச்சரிக்கைகளும் உண்டு. சண்டை நடந்த அன்றே அதைப் போன்ற கதையைச் சொல்லாதீர்கள். சில நாள் போகட்டும். "உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?" என்று எல்லோர் முன்னும் கேட்காதீர்கள். பதில் சொல்ல விரும்பாத குழந்தை சும்மா இருக்கட்டும். சரியான உணர்வு, தவறான உணர்வு என்று பிரிக்காதீர்கள். உணர்வு எதுவும் வரலாம், அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதுதான் பேச வேண்டியது.

சில நேரம் பாத்திரத்தின் பெயரில் தொடங்கிய பேச்சு, வீட்டிலோ வெளியிலோ தனக்கு நேரும் கொடுமையைச் சொல்வதில் போய் முடியும். அப்போது வகுப்பின் முன் மேலும் கேட்காமல், தனியே அழைத்துப் பொறுமையாகக் கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் உடனே தெரிவியுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417 ஆகிய இரண்டும் சுவரில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. நமக்கும் மனத்தில் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் தனிப் பாடவேளை தேவையில்லை. பாடநூலில் உள்ள துணைப்பாடக் கதை போதும். பத்து நிமிடம் போதும். நாளை ஒரு கதையை எடுக்கும்போது, "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்ற கேள்வியை மட்டும் ஒரு முறை தள்ளி வையுங்கள். "அப்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். வழக்கமாகக் கை தூக்காத ஒரு பிள்ளை பேசத் தொடங்கும்.