உங்களுக்குத் தெரியுமா? பாதி விலை பிரேக் பேடு

குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-இல் தொடங்கியபோதே ஆட்டோமொபைல் பொறியியல் அங்கே ஒரு பாடப்பிரிவு. அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் ஓடும் வண்டிகளுக்கு இன்று ஸ்பேர் பார்ட்ஸ் வருவதோ செல்போன் வழியாக. கடை விலையில் பாதி என்றால் கை தானாக ஆர்டர் போட்டுவிடுகிறது. ஆனால் அந்த விலையில் வருவது போலியாகவும் இருக்கலாம்.

பிரேக் பேடையே எடுத்துக்கொள்வோம். இரும்புத் தகட்டின் மேல் உராய்வுப் பொருளைப் பிசினோடு சேர்த்துச் சூட்டில் அழுத்தி ஒட்டியிருப்பார்கள். மட்டமான போலியில் இந்த ஒட்டு வலுவாக இருக்காது. பல்லாவரம் முதல் தாம்பரம் வரை நின்று நின்று நகரும் நெரிசலில் பேடு சூடேறும், பிடிப்புக் குறையும், சில சமயம் தகட்டைவிட்டே பெயர்ந்துவிடும். ஆயில் ஃபில்டரில் ஏமாற்றுவது இன்னும் சுலபம். வெளியே அதே டப்பா, உள்ளே மடிப்புக் குறைந்த காகிதம். வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். யார் வெட்டிப் பார்க்கிறார்கள்?

2012-இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு போலி ஏர்பேக்குகளைச் சோதித்தது. சில விரியவே இல்லை. சில உலோகத் துண்டுகளைச் சிதறடித்தன. இணையத்தில் மலிவாக வாங்கியவர்களை அது தனியாக எச்சரித்தது.

இந்தியாவில் போலி முத்திரைப் பொருளை விற்றால் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 2020-இன் மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் பெயரையும் முகவரியையும் தளம் காட்டியாக வேண்டும். பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.