காமிராவின் பாட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது?

"சிஸ்டர், காமிராவில் பாட்டரி தீர்ந்துவிட்டது!"

பள்ளி விழாக்களில் அடிக்கடி நம் செவிகளில் விழும் குரல் இது. அதுவும் எந்த நேரத்தில்? நாட்டியம் முடிந்து, நாடகம் முடிந்து, பரிசளிப்பு தொடங்கும் நேரத்தில்! ஆண்டு முழுவதும் உழைத்துப் படித்த ஒரு மாணவி மேடையேறுகிறாள். அவளுடைய தாயும் தந்தையும் கூலி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அந்த ஒரு நொடி திரும்பி வராது. புதுநன்மை வாங்கும் சிறுமியின் முகமும், துறவற வெள்ளிவிழாக் காணும் அருட்சகோதரியின் புன்னகையும் அப்படியே. மறுநாள் பாட்டரிக்கு மின்னேற்றலாம். சென்ற நாளை மீட்க முடியுமா?

கைபேசியே காமிராவாகிவிட்ட காலம் இது. ஆயினும் மாணவிகள் கைபேசி கொண்டுவரக் கூடாது என்ற விதியுள்ள பள்ளிகளில், அலுவலக அலமாரியில் இருக்கும் சிறிய டிஜிட்டல் காமிராவுக்கு இன்னும் வேலை உண்டு. வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பழைய காமிராக்களை இளம்பெண்கள் பலர் மீண்டும் ஆசையோடு எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். எனவே அவற்றின் 'பசி' நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

சிறிது வரலாறு

1800-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்டா, வெள்ளித் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து, தொடர்ந்து மின்சாரம் தரும் அடுக்கை உலகுக்கு அறிவித்தார். நாம் இன்று சொல்லும் 'வோல்ட்' என்ற அளவு அவர் பெயரால் வந்ததே.

1975-இல் அமெரிக்காவில், கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் காமிராவை உருவாக்கினார். அதன் எடை சுமார் மூன்றரைக் கிலோவுக்கும் மேல். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 விநாடிகள் ஆயின. அதற்குத் தீனி போட 16 நிக்கல் காட்மியம் பாட்டரிகள் தேவைப்பட்டன! ஆகவே டிஜிட்டல் காமிரா பிறக்கும்போதே பெரும் பசியோடுதான் பிறந்தது எனலாம்.

1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனிப் பாட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காமிரா சட்டைப் பையில் அடங்கியதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். இப்பாட்டரிக்கு வழிவகுத்த ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குடினஃபின் வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களிலேயே மிக மூத்தவர் அவர்தான்.

மின்சாரம் எங்கே போகிறது?

பழைய பிலிம் காமிராவில் படம் பிடிக்கும் அந்தக் கணத்தில்தான் வேலை. டிஜிட்டல் காமிராவோ பொத்தானை அழுத்தி உயிர் கொடுத்ததிலிருந்து ஓயாமல் உழைக்கிறது. உள்ளே இருக்கும் ஒளியுணரும் சில்லு விநாடிக்குப் பல முறை காட்சியைப் படிக்கிறது. சிறு கணினி ஒன்று அதைத் திருத்துகிறது. பின்புறத் திரை அதை ஒளியூட்டிக் காட்டுகிறது. லென்சை வெளியே நீட்டவும், தூரத்தை அருகில் இழுக்கவும், காட்சியைத் தெளிவாக்கவும் நுண்ணிய மோட்டார்கள் சுழல்கின்றன. இவற்றோடு பிளாஷ் விளக்கும் உண்டு.

இவற்றுள் பெரிய திருடன் யார் என்று கேட்டால், "பிளாஷ்தான்!" என்று பலரும் உடனே சொல்வார்கள். கண்ணைக் கூசச் செய்யும் ஒளியல்லவா? அது உண்மைதானா என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளுக்கு இது எளிது.

ஒரு சிறு கணக்கு

உதாரணமாக ஒரு காமிராவின் பாட்டரியில் 3.7 வோல்ட், 800 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 0.8 ஆம்பியரை 3,600 விநாடியாலும் 3.7 வோல்ட்டாலும் பெருக்கினால், அதில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 10,650 ஜூல். இந்தக் காமிரா ஒரு மின்னேற்றத்தில் 250 படங்கள் எடுக்கும் என்று வைத்தால், ஒரு படத்துக்கு ஏறத்தாழ 43 ஜூல் செலவாகிறது.

இனி பிளாஷைப் பார்ப்போம். அதன் மின்தேக்கி 100 மைக்ரோ ஃபாரட் என்றும், அது 300 வோல்ட் வரை ஏறுகிறது என்றும் கொள்வோம். மின்தேக்குத் திறனை வோல்ட்டின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்கினால் 4.5 ஜூல் வருகிறது. இடையில் வீணாவதையும் சேர்த்துத் தாராளமாக 8 ஜூல் என்றே வைப்போம். இரண்டு படங்களுக்கு ஒரு முறை பிளாஷ் எரிந்தால் படத்துக்குச் சராசரி 4 ஜூல். அதாவது மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கே!

மீதி ஒன்பது பங்கும் எங்கே போயிற்று? திரை எரிந்துகொண்டும் சில்லு விழித்துக்கொண்டும் நாம் காத்திருந்த நேரத்திலேதான் பெரும்பகுதி கரைந்துவிட்டது. படம் எடுப்பதால் பாட்டரி தீர்வதைவிட, எடுக்காமல் காமிராவைத் திறந்தே வைத்திருப்பதால் தீர்வதே அதிகம் என்பதுதான் இந்தக் கணக்கு கற்றுத்தரும் பாடம்.

அட்டைப் பெட்டியில் உள்ள எண்

"250 படங்கள் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, எனக்கு ஐம்பதுகூட வரவில்லையே!" என்று சிலர் குறைப்படுவதுண்டு. அந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்தால் ஐயம் தீரும். ஜப்பானில் உள்ள காமிரா உற்பத்தியாளர் சங்கம் இதற்கென ஒரு சோதனை முறையை வகுத்துள்ளது. 30 விநாடிக்கு ஒரு படம். ஒன்றுவிட்டு ஒரு படத்துக்குப் பிளாஷ். பத்துப் படத்துக்கு ஒரு முறை காமிராவை அணைத்துத் திறத்தல். அறையின் வெப்பமும் இதமான அளவில் இருக்கும்.

250 படங்களை 30 விநாடியால் பெருக்குங்கள். 7,500 விநாடிகள், அதாவது சுமார் இரண்டு மணி நேரம். எனவே '250 படங்கள்' என்பதை 'இரண்டு மணி நேர விழிப்பு' என்று படித்துக்கொள்வதே சரி. மூன்று மணி நேர ஆண்டு விழாவில் காமிராவை அணைக்காமலே வைத்திருந்தால், நாற்பது படம் மட்டுமே எடுத்திருந்தாலும், பரிசளிப்புக்கு முன் அது கண்ணை மூடிவிடும். படத்துக்குக் கால் நிமிடம் மட்டும் திறந்தால் அதே நாற்பது படத்துக்குப் பத்து நிமிட விழிப்பே போதும்!

கடிகாரம் ஓடுகிறது, காமிரா ஓடவில்லை!

டார்ச் லைட்டில் போடுவது போன்ற சிறு செல்களால் இயங்கும் காமிராக்களும் உண்டு. அவற்றில் ஒரு விந்தையைக் காணலாம். காமிரா "தீர்ந்துவிட்டது" என்று ஒதுக்கிய செல்லைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் அது மாதக்கணக்கில் ஓடுகிறது! இதென்ன மாயம்?

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மின்சாரத்தைத் தடுக்கும் ஓர் உள்தடை உண்டு. மலிவான சாதாரணச் செல்லின் உள்தடை அரை ஓம் என்று கொள்வோம். காமிரா ஓர் ஆம்பியர் இழுக்கும்போது அரை வோல்ட் உள்ளேயே போய்விடும். 1.5 வோல்ட் செல் 1.0 வோல்ட்டைத்தான் வெளியே தருகிறது. காமிராவோ "இது காலி" என்று முடிவு கட்டிவிடுகிறது. கடிகாரம் சராசரியாக ஆயிரத்தில் ஓர் ஆம்பியருக்கும் குறைவாகவே கேட்பதால் அதற்கு அந்த இழப்பே தெரிவதில்லை.

மின்னேற்றக்கூடிய நிக்கல் உலோக ஹைட்ரைடு செல்லில் 1.2 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கும். "குறைந்த வோல்ட்டாயிற்றே!" என்று அதை ஒதுக்கவேண்டாம். அதன் உள்தடை மிகச் சிறியது. 0.05 ஓம் என்றால் ஓர் ஆம்பியருக்கும் 0.05 வோல்ட்டே இழக்கும், 1.15 வோல்ட் வெளியே கிடைக்கும். கேட்கும்போது குறையாமல் கொடுப்பவரே கொடையாளி அன்றோ? எனவே இவ்வகைக் காமிராக்களுக்கு இச்செல்களே ஏற்றவை. நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றலாம் என்பதால் செலவும் குறையும். சில காமிராக்களில் எந்த வகைச் செல் போட்டிருக்கிறோம் என்பதைக் குறிக்கும் வசதி உண்டு. அதைச் சரியாக அமைக்காவிட்டால் செல்லில் சக்தி இருக்கும்போதே எச்சரிக்கை வந்துவிடும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இச்செல்களில் சாதாரண வகை சும்மா இருந்தாலே மாதத்துக்கு ஒரு கணிசமான பகுதியை இழந்துவிடும். ஆகவே விழாவுக்கு முந்தின நாள் மின்னேற்றுவது நலம். 2005-க்குப் பின் சந்தைக்கு வந்த, மெதுவாக இழக்கும் வகை ஓராண்டு கழித்தும் பெரும்பகுதியைக் காத்து வைத்திருக்கும்.

பாட்டரியும் மூப்படையும்

தட்டையான லித்தியம் பாட்டரி புதிதில் நன்றாக உழைக்கும். சில நூறு மின்னேற்றங்களுக்குப் பிறகு அதன் கொள்ளளவு சுருங்கும். பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல அது மூப்படையும். வெப்பம் அதற்குப் பெரும் பகை. சித்திரை வெயிலில் பூட்டிய காரில் காமிராவை விட்டுவைப்பது பாட்டரியின் ஆயுளை நாமே குறைப்பதாகும்.

"முழுவதும் தீர்ந்த பிறகே மின்னேற்ற வேண்டும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது பழைய நிக்கல் காட்மியம் காலத்து அறிவுரை. லித்தியம் பாட்டரிக்கு அது பொருந்தாது. இடையிடையே மின்னேற்றுவதே அதற்கு நல்லது. மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பதானால் பாதியளவு மின்னேற்றத்தோடு குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். அடியோடு காலியாக விட்டால் மீண்டும் உயிர்பெறாமலே போகலாம்.

குளிரிலும் பாட்டரி சோர்ந்துவிடும். கொடைக்கானலுக்கோ உதகைக்கோ சுற்றுலா செல்லும்போது, மார்கழிக் காலையில் காமிரா திடீரென்று நின்றுபோனால் பாட்டரி செத்துவிட்டதென்று வருந்தவேண்டாம். அதை எடுத்து ஸ்வெட்டரின் உட்பையில் சிறிது நேரம் வைத்திருந்தால் உடற்சூட்டில் ஓரளவு தெளிந்து எழும்.

நாம் செய்யக்கூடியவை

1. அடுத்த படம் ஒரு நிமிடத்துக்குள் இல்லையென்றால் காமிராவை அணைத்துவிடுங்கள். நொடிக்கு நொடி அணைத்துத் திறப்பதும் வீண்; லென்சை நீட்டி மடக்கவும் மின்சாரம் வேண்டுமல்லவா?

2. தானே அணையும் நேரத்தை ஒரு நிமிடமாக அமையுங்கள்.

3. திரையின் ஒளியைக் குறையுங்கள். கண் வைத்துப் பார்க்கும் சிறு சன்னல் இருந்தால் திரையை மூடிவிட்டு அதன் வழியே பாருங்கள்.

4. எடுத்த படங்களைத் தோழியர் சூழ்ந்து நின்று திரும்பத் திரும்பப் பார்ப்பதை விழா முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

5. கம்பியில்லா இணைப்பு, இடங்காட்டி போன்ற வசதிகள் இருந்தால், தேவைப்படாதபோது நிறுத்திவையுங்கள்.

6. பாட்டரியின் உலோக முனைகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். அழுக்கும் ஒரு தடையே.

7. பழைய செல்லையும் புதிய செல்லையும், வெவ்வேறு வகைச் செல்களையும் கலந்து போடாதீர்கள்.

8. நெடுநாள் பயன்படுத்தாதபோது சிறு செல்களைக் காமிராவிலிருந்து எடுத்துவிடுங்கள். அவை கசிந்தால் காமிராவே பாழாகும்.

எச்சரிக்கை

பாட்டரி உப்பியிருந்தாலும், தொட முடியாதபடி சுட்டாலும் உடனே அதை ஒதுக்கி ஆசிரியையிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். அதற்கு மின்னேற்றவோ, அதைக் குத்தவோ, பிரிக்கவோ கூடாது, தீப்பற்றக்கூடும். பெயரில்லாத போலிப் பாட்டரியை விலை மலிவென்று வாங்குவதும் ஆபத்து. பழுதான காமிராவைத் திறந்து பார்க்கும் ஆர்வமும் வேண்டாம். பாட்டரியை எடுத்த பின்னும் பிளாஷின் மின்தேக்கியில் 300 வோல்ட் தங்கியிருந்து கடுமையாகத் தாக்கலாம்.

தீர்ந்துபோன பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் எறியாதீர்கள். அதிலுள்ள இரசாயனங்கள் மண்ணையும் நீரையும் கெடுக்கும். குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஏழைகளின் கைகளைப் புண்ணாக்கும். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்கள்மேல் சுமத்தியுள்ளன. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் அவற்றை ஒப்படைப்பதே முறை. பிறரன்பு என்பது நாம் எறியும் குப்பையிலும் வெளிப்பட வேண்டும் அல்லவா?

விவேகமுள்ள ஐவர்

இத்தனையும் செய்த பின்னும் ஒரு காரியம் எஞ்சியிருக்கிறது. மின்னேற்றிய இன்னொரு பாட்டரியைக் கையோடு கொண்டுசெல்வதே அது. மத்தேயு நற்செய்தியில் நம் ஆண்டவர் கூறிய பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. பத்துப் பேரும் உறங்கியே போனார்கள். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: ஐவர் கலங்களில் எண்ணெயும் கொண்டுவந்திருந்தார்கள். மணமகன் வரும் நேரத்தில் கடைக்கு ஓடியவர்களுக்குக் கதவு அடைபட்டது.

அன்புள்ள மாணவிகளே, காமிராவை வாங்கப் பணம் வேண்டும்; அதைக் காக்கவோ கொஞ்சம் அறிவும் முன்யோசனையுமே போதும். வீணாக எரியும் விளக்கை அணைப்பதும், வேண்டிய வேளைக்கென்று எண்ணெயைக் காப்பதும் காமிராவுக்கு மட்டும் உரிய ஒழுக்கமல்ல. வருகிற ஆண்டு விழாவில், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தத் தாயின் கையில் தன் மகள் பரிசு வாங்கும் படம் போய்ச் சேரட்டும்.