அரைப் பேர்ச் காணி கணனியில் மறைவது எப்படி?

மொறகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக மாத்தளை மாவட்டத்தின் நாவுல, லக்கல பகுதிகளில் வயலையும் வீட்டையும் விட்டு எழும்பி வந்த குடும்பங்களிடம் இன்று மிஞ்சியிருப்பவை சில கடதாசிகளே: உறுதி, அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம். 2017இல் மொறகஹகந்தவில் நீர் நிரம்பத் தொடங்கிய பின், மூழ்கிய காணியின் எல்லைக் கல்லைப் போய்க் காட்ட வழியில்லை. கடதாசியில் உள்ள எண்தான் சாட்சி.

அந்த எண் ஏக்கர், றூட், பேர்ச் என மூன்றாக எழுதப்படும். 40 பேர்ச் ஒரு றூட். 4 றூட் ஒரு ஏக்கர். பேர்ச்சில் அரையும் காலும் வருவது சாதாரணம். நம் பிள்ளைகள் இவற்றைக் கணனியில், எக்செல் விரிதாளில் பதியும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கட்டத்தில் 1/2 என்று தட்டிப் பாருங்கள். கணனி அதைப் பெப்ரவரி முதலாம் திகதியாக மாற்றிவிடும். சில கணனிகளில் ஜனவரி இரண்டாம் திகதியாகும். எக்செல்லுக்குத் திகதி என்பது 1900ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து எண்ணிய நாட்கணக்கு. ஆகவே கூட்டுத்தொகையில் அரைக்குப் பதிலாக 45,000க்கு மேல் ஏறிவிடும். விஞ்ஞானிகளும் இதில் அகப்பட்டவர்களே. மாதப் பெயர் போலத் தோன்றிய சில மரபணுக்களின் பெயர்கள் திகதிகளாக மாறிப்போனதால், 2020இல் அவற்றுக்கு வேறு பெயர் வைக்க நேர்ந்தது. ஆனாலும் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம்.

தெரியாத பிழைதான் பொல்லாதது. ஆல்ட் விசையை அழுத்தியபடி, வலப்புற எண்பலகையில் 0189 தட்டினால் ½ என்ற குறி வரும். 0188 என்றால் ¼, 0190 என்றால் ¾. பார்க்க அழகுதான். ஆனால் 20½ என்று இப்படிப் பதிந்தால் கணனிக்கு அது எண் அல்ல, வெறும் எழுத்து. 20½, 12¼, 30 என மூன்று துண்டுக் காணியை எழுதி சம் கட்டளையால் கூட்டினால் விடை 30 என்றே வரும். 32¾ பேர்ச் சத்தமில்லாமல் போய்விடும். நஷ்டஈட்டுப் பட்டியலில் இப்படி நேர்ந்தால் யாருக்கு நட்டம்?

சரியான வழி எளிது. அரை மட்டும் என்றால் 0 தட்டி, ஓர் இடைவெளி விட்டு 1/2 தட்டுங்கள். இருபதரைக்கு 20 தட்டி, இடைவெளி விட்டு 1/2. இன்னும் நல்லது 20.5 என்று எழுதுவது. பேர்ச்சுக்கு அதுவே போதும் என்பது நம் எண்ணம்.

நம் முன்னோர் கால், அரை, மா என்று பின்னங்களுக்குத் தனிக் குறிகளே வைத்திருந்தார்கள். 'காணி' என்பதும் எண்பதில் ஒரு பங்கைக் குறிக்கும் சொல். இக்குறிகள் 2019இல் யூனிக்கோட் 12.0இல் சேர்ந்தன. ஆயினும் விரிதாளில் இவையும் எழுத்துக்களே, கூட்டலுக்கு உதவா.

யாராவது உங்கள் பெயர் உள்ள பட்டியலைக் கணனியில் காட்டினால் எண்கள் நிற்கும் பக்கத்தைப் பாருங்கள். கட்டத்தின் ஒழுங்கை யாரும் மாற்றியிராவிட்டால் எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்து இடப்பக்கம் நிற்கும். பிறகு எல்லாவற்றையும் பேர்ச்சாக்கிக் கையால் ஒருமுறை கூட்டுங்கள்: ஏக்கரை 160ஆலும் றூட்டை 40ஆலும் பெருக்கி, பேர்ச்சைச் சேர்க்க வேண்டும். 1 ஏக்கர் 2 றூட் 12½ பேர்ச் என்றால் 252½ பேர்ச். கணனி வேறு தொகை சொன்னால், கையெழுத்து வைக்குமுன் ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.