மறுமணக் குடும்பத்தில் விவாகரத்து: மூத்த பிள்ளையிடம் அச்சம் இருந்தால் சிறு குழந்தையைக் காப்பது எப்படி?

பெருங்கடவிளை: மறுமணம் செய்த தம்பதியர் பிரியும் காலத்தில், கணவரின் முதல் மணத்துப் பிள்ளை மனக்கொந்தளிப்பில் தன் குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுமோ என்ற அச்சம் தாய்க்கு எழுவதுண்டு. மூத்த பிள்ளையைக் குற்றவாளியாக்காமலேயே சிறு குழந்தையைக் காக்கச் சட்டத்தில் வழி உள்ளது.

எந்த நீதிமன்றம்?

கேரள எல்லையோரப் பகுதிகளான பெருங்கடவிளை, பாறசாலையில் கணவர் வீடு ஒரு மாநிலத்திலும் தாய்வீடு கன்னியாகுமரி மாவட்டத்திலும் அமைந்த குடும்பங்கள் உண்டு. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர்கள் மற்றும் வார்டுகள் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்திலேயே மனு செய்ய வேண்டும். பெருங்கடவிளையில் வளரும் குழந்தைக்கு அது நெய்யாற்றின்கரை குடும்ப நீதிமன்றமாகும்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இதிலிருந்து வேறுபட்டது. குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண், தாம் தற்காலிகமாகத் தங்கியுள்ள இடத்தின் மாஜிஸ்திரேட்டையே அணுகலாம். குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கவும், தீங்கு நேரும் எனக் கருதினால் சந்திப்பை மறுக்கவும் அச்சட்டம் அதிகாரம் அளிக்கிறது. ஆணை நாடு முழுவதும் செல்லும்.

எவற்றைக் கோரலாம்?

விவாகரத்து வழக்கு நிலுவையில் இருக்கும்போதே இடைக்கால ஆணை பெறலாம். தந்தையின் சந்திப்பு உரிமையை முற்றிலும் தடுக்கக் கோருவதற்குப் பதிலாக, சந்திப்பு பொது இடத்திலோ உறவினர் முன்னிலையிலோ நடக்க வேண்டும், இரவில் குழந்தை அங்குத் தங்கக் கூடாது, மூத்த பிள்ளையுடன் தனித்து விடக் கூடாது என நிபந்தனைகள் கோரலாம். இந்துச் சட்டத்தில் 5 வயது நிறைவடையாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்கும். எனினும் எந்த வயதிலும் குழந்தையின் நலனே முதன்மையானது.

மறுமணம் மட்டும் காரணமாகாது

மறுமணம் செய்ததாலேயே தாய்க்குக் குழந்தையை மறுக்க இயலாது என்று கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2006இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கேரளச் சிறுவன் ஒருவனைத் தந்தையிடம் ஒப்படைக்கும் ஆணையை 2024 ஆகஸ்டில் உறுதிசெய்த அந்நீதிமன்றம், 2025 ஜூலை 15 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், பிரசன்னா பி. வராலே அமர்வில் அதைத் திரும்பப் பெற்றது. தாயைப் பிரிக்கும் முயற்சியால் சிறுவன் கடும் பதற்றத்துக்கு உள்ளானதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மதிப்பீடு காட்டியதே காரணம். மறுமணம் செய்த தாயின் குடும்பத்துடன் அவனுக்கிருந்த பிணைப்பையும் அமர்வு கருத்தில் கொண்டது.

ஆகவே, 'மாற்றாந்தாய் பிள்ளை' என்ற உறவுப்பெயரைச் சுட்டுவதால் மட்டும் வழக்கு நிற்காது. என்ன நடந்தது, எப்போது நடந்தது, குழந்தை எவ்வாறு பாதிக்கப்பட்டது என்பனவே எடைபோடப்படும். நிகழ்வுகளைத் தேதியுடன் குறித்துவைத்தல், காயத்துக்கு மருத்துவச் சான்று பெறுதல், ஆசிரியர் அல்லது அங்கன்வாடி ஊழியர் கவனித்தவற்றைக் கேட்டறிதல் ஆகியவை உதவும். குழந்தையை மீண்டும் மீண்டும் விசாரிப்பதும், சொல்லிக்கொடுத்துப் பேசவைப்பதும் அதனை வருத்துவதோடு வாக்குமூலத்தையும் வலுவிழக்கச் செய்யும்.

மூத்த பிள்ளையின் நிலை

முரட்டுத்தனம் காட்டும் பிள்ளையும் குடும்பப் பிளவால் பாதிக்கப்பட்டதாக இருக்கலாம். அதற்கு மனநல ஆலோசனை வழங்கக் கோருவது இருவருக்கும் பாதுகாப்பாகும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

பாலியல் அத்துமீறல் எனச் சந்தேகம் எழுந்தால் நிலைமை வேறு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குடும்பத்துக்குள் பேசி முடிக்க இயலாது. தீங்கு செய்தவர் 18 வயது நிறையாதவர் எனில் இளைஞர் நீதிச் சட்டமே பொருந்தும். அவரைச் சிறையில் அடைக்கவோ, அவரது அடையாளத்தை வெளியிடவோ கூடாது.

உடனடி ஆபத்தில் 112, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்களை இரு மாநிலத்தவரும் அழைக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.